புனர்ஜன்ம யோகம்

உச்சமுனைக் கரையில், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் உயிர்பெற மறுக்கும் படகு இஞ்சினோடு மல்லுக்கட்டித் தோள் சோர்ந்த மீனவரின் மடியிலேயே, ஒருவரும் தொடாமல் அணைந்து, ஒருவரும் கேளாமல் மீண்டும் உயிர்த்தெழும் கைத்தொலைபேசியைக் காணுந்தோறும், விஞ்ஞானத்தின் கருணையை வியக்காமலிருக்க இயலவில்லை.

இதனைப் பழுதென்பார் அற்பர். உப்புக்காற்றில் இறுகிய பொத்தான், முதிர்ந்த பற்றரி, அரைகுறையாய் இறங்கிய புதுப்பிப்பு என்று காரணம் கற்பிக்கும் நிபுணர்களும் முதலில் உபதேசிக்கும் சிகிச்சை, அணைத்து மீண்டும் இயக்குக என்பதே. அச்சிகிச்சையை இடையறாது, இலவசமாகத் தனக்குத்தானே செய்துகொள்ளும் இந்த உத்தம நோயாளிக்கு ஈடு உண்டோ?

2016இல் எல்.ஜி. கம்பனி, தன் ஜி4 கருவிகளின் நித்திய புனர்ஜன்மத்துக்கு உள்ளுறுப்புகளின் தளர்ந்த இணைப்பே காரணமென்று ஒப்புக்கொண்டு, அந்தத் தபஸ்விகளைப் பழுதுபார்க்க முனைந்தது மகா பாதகம். ஆப்பிளோ விவேகி: முதிர்ந்த பற்றரியால் ஐபோன் திடீரென அணையாதிருக்க அதன் வேகத்தையே சத்தமின்றிக் குறைத்துவிட்டு, 2017இல்தான் அதைச் சொல்லிற்று.

ஆகவே படகு இஞ்சின்களையும் தொலைபேசிக் கம்பனிகளே செய்து தருமாறு மீனவர் மகஜர் அனுப்பலாம். கயிறு இழுக்கும் வேலை ஒழியும். நடுக்கடலில் தானாகவே அணையும் என்பது மட்டுமே அற்ப ஆட்சேபம்.

பக்தர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பற்றரி வீங்கித் தொலைபேசியின் பின்மூடி உப்பியிருந்தால், சார்ஜ் போடாமல் திருத்தும் கடைக்குக் கொண்டுபோங்கள்.