கால்மிதியோடு ஒரு விண்ணப்பம்

சுயதொழில் திட்டங்களை வகுத்து, அவற்றுக்குரிய படிவங்களை இயற்றி, படிவங்களுக்கு இணைப்புகளையும் இணைப்புகளுக்குச் சான்றுகளையும் சிருஷ்டித்தருளும் மத்திய, மாநில சர்க்கார் அதிகாரிகளும், அவர்களுடைய கருணையைக் கிளைதோறும் அளந்து ஊற்றும் வங்கி மேலாளர்களும் ஆகிய கனவான்கள் சமுகத்துக்கு,

வெள்ளகோவிலில், கரூர் – கோவை நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் இரவிலும் ஓயாத ஒரு வீதியில் குடியிருப்பவனும், 21 வருஷ காலம் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேஜையருகே நின்று, ஊசி விட்ட ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் பிறர் தைத்ததில் கண்டுபிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தவனும், தற்சமயம் கட்டிங் வேஸ்ட்டில் கால்மிதி நெய்து பிழைப்பவனுமாகிய நான், பிறர் வேலையில் குற்றம் காணும் அந்தப் பழைய வழக்கம் இன்னும் விட்டபாடில்லையாகையால், தங்கள் சந்நிதானத்தில் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்.

எனக்கு வேலை போன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டு 27 அன்று, அமெரிக்கா தேசத்துக்குப் போகும் நம்முடைய சரக்கின்மேல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, வாஷிங்டன் நகரில் ஒருவர் இட்ட கையெழுத்துக்கும், விடியற்காலையில் தூக்குப்போசியோடு காங்கயம் வழியாகப் பஸ் ஏறிப் போகும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றே நம்பியிருந்தேன். சம்பந்தம் இருந்தது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆயிற்று. ஒரு ஷிப்ட் வாரத்தில் நாலு நாளாயிற்று. பிறகு ஒரு சனிக்கிழமை, வாரச் சம்பளத்தைக் கையில் கொடுத்த கான்ட்ராக்டர், "ஆர்டர் வந்தாப் போன் பண்றனுங்க, அப்ப வந்தாப் போதுமுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். என்னை வேலையிலிருந்து நீக்கியதாக ஒருவரும் சொல்லவில்லை. நீக்கியதற்கு ஒரு காகிதமும் இல்லை. சேர்த்ததற்கே காகிதம் இல்லாத இடத்தில் நீக்கியதற்குக் காகிதம் எதிர்பார்ப்பது தர்க்க சாஸ்திரத்துக்கு விரோதமல்லவா? ஆகவே, நியாயப்படி பார்த்தால் நான் வேலை இழந்தவனே அல்லன், போன் வரவேண்டியவன்.

இப்படிப்பட்ட சமயத்தில் எங்கள் பிரதேசத்து ஆள் வேலையைத் தேடி அலையமாட்டான், வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்வான் என்று தங்களில் பலர் மேடைகளில் புகழ்ந்து பேச நான் கேட்டிருக்கிறேன். கைமடிப் பையனாகச் சேர்ந்தவர் கட்டிங் மாஸ்டராகி, நாலு மெஷினை வாடகைக்குப் பிடித்து, ஓலைக் கொட்டகையில் ஓட்டி, கடைசியில் கப்பலில் சரக்கு ஏற்றும் முதலாளியான கதையும் அப்போது தவறாமல் வரும். கதை பொய்யல்ல. 1984-ஆம் வருஷத்தில் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தனை பேரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொள்வதிலுள்ள அபாயம் அதில் முதலாளிகளுக்கு நன்றாகப் புலனாகிவிட்டபடியால், அதற்குப் பிற்பாடு தையலும் மற்றதுமெல்லாம் ஜாப் ஒர்க் என்ற பெயரில் வெளியே பங்கிடப்பட, நேற்றுவரை ஷிப்ட் பார்த்தவர்களில் பலர் இன்று பத்து மெஷினுக்கு முதலாளி என்ற விசித்திரம் நடந்தது. சரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் இந்த முதலாளிகளை நேரில் கண்டு விசாரித்து 2004-இல் ஒரு பெரிய புஸ்தகமே வெளியிட்டிருக்கிறார். முன்னேறிய மார்க்கம் யாதென்று கேட்டால் 'உழைப்பு' என்ற ஒரே சொல்லை அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியதைத்தான் அதில் அவர் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார். என் தகப்பனாரும் அதே 127 நாளும் வீட்டிலிருந்தவர்தாம். அதன் பின்பு அவரும் உழைத்தார். ஆனால், விற்பதற்கு ஒரு காடும், கடனுக்கு நூல் கொடுப்பதற்கு ஒரு மைத்துனரும் அவருக்கு வாய்க்காமற் போய்விட்டபடியால், புஸ்தகம் எழுதுகிறவர்கள் எவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

போன் வராது என்பதை எனக்கு முன்பே தெரிந்துகொண்டவள் என் மனைவி. "ஏனுங்க, அத்தன வருசம் கம்பெனில கழிச்சுக் கட்டினதயே எடைக்கு வாங்கியாந்தா என்னுங்க?" என்று அவள்தான் கேட்டாள். மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. தறிக்கென்று எங்கள் ஊரில் அலைய வேண்டியதில்லை; விரிப்புக்கும் துண்டுக்கும் தறி ஓட்டிய ஊர்; கூலி கட்டுபடியாகாமல் விசைத்தறியையே பழைய இரும்பு விலைக்கு நிறுத்துப் போட்டவர்கள் இருக்கும்போது, மரச்சட்டக் கைத்தறி ஒன்றைத் தென்னஞ்சாளையின் மூலையிலிருந்து மீட்பதா பிரமாதம்? திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்து, வெள்ளையை வேறாகவும் சாயத்தை வேறாகவும் பிரித்து, இரண்டு விரல் அகலத்தில் நாடாவாகக் கிழித்து, முனையோடு முனை கோத்து, பருத்தி நூல் பாவில் அந்த நாடாவையே ஊடையாகக் கொடுத்து இறுக்கி அடித்தால் கால்மிதி. பனியன் துணியை இழுத்து விட்டால் அது தானாகவே சுருண்டு கயிறு போலாகும். அந்தச் சுருளில்தான் மிதியின் மெத்தை இருக்கிறது. அது சுருளாத துணியை வாங்கிவிட்டால் அந்த வாரம் நஷ்டம். இந்த ரகசியத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல் இரண்டு மூட்டை சொல்லிக்கொடுத்தது.

மூன்று மாதம் இவ்விதம் ஓட்டிய பிறகு, இன்னும் இரண்டு தறி போட்டால் பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வருக்கும் வேலை கொடுக்கலாமே என்ற துராசை உதித்தது. 2008-ஆம் வருஷம் முதல் பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று ஒன்று நடைமுறையிலிருப்பதையும், அதில் பட்டிக்காட்டுக்காரனுக்குக் கால் பங்குவரை, சில வகுப்பினருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் மானியம் உண்டென்பதையும் படித்து, நகலெடுக்கும் கடையில் ஒரு முழு நாளைச் செலவழித்து, ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்று சொல்லமாட்டேன், அந்த மேலாளர் நல்லவர், உட்காரச் சொன்னார்.

"தொழில் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆரம்பிச்சு மூணு மாசமாச்சுங்க."

"அப்ப இது புதுத் தொழில் இல்லையே. திட்டம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

கனவான்களே, இந்தப் பதிலின் நேர்த்தியை நான் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் முழுவதும் கிரகித்தேன். வேலை போன அன்றே கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, திட்ட அறிக்கை தயாராகி, பயிற்சி முடிந்து, அனுமதி வரும்வரை பட்டினியை நியமமாக அனுஷ்டித்திருப்பேனானால், நான் தொழில்முனைவோன். வயிறு பொறுக்காமல் சங்கிலியை அடகு வைத்துத் தறியில் உட்கார்ந்துவிட்டபடியால், ஏற்கெனவே தொழில் செய்பவன். தொழிலை உண்டாக்குவதற்கென்று வகுத்த திட்டத்தில், தொழிலை உண்டாக்கியதே அயோக்கியதாம்சமாக முடிந்தது. மேலும் அந்த மானியம் மூன்று வருஷத்துக்கு வங்கியிலேயே வைப்பாகப் பூட்டிக் கிடக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தாகத்துக்குக் கேட்டவனுக்குச் செம்பு நிறையத் தண்ணீரை ஊற்றி, மூடி, முத்திரை வைத்து, அவன் கண்ணெதிரே அலமாரியில் வைப்பது போன்ற தர்மம் அது.

திட்ட அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை எழுதித் தருவதற்கென்றே எங்கள் பக்கம் ஆள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஐந்து வருஷத்து வரவு செலவையும் லாபத்தையும் ஒரே மணி நேரத்தில் கணித்துவிடுகிறார். என்னுடைய அறிக்கையில் நாலாம் பக்கத்தில் மூலப்பொருள் என்ற இடத்தில் 'பாக்குமட்டை' என்று இருந்தது. எனக்கு முன்னால் வந்தவர் தட்டு செய்பவராம். பிழையைச் சுட்டிக்காட்டினேன். "அதையெல்லாம் யாருங்க படிக்கிறாங்க?" என்றார். தாங்கள் படிப்பீர்கள் என்று நான் தங்களுக்காக அவரோடு வாதாடினேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

மேலாளர் என்னைக் கைவிட்டுவிடவில்லை. 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா கடன் திட்டத்தை எடுத்துச் சொன்னார். அதில் 50,000 ரூபாய் வரை வாங்குபவன் சிசு, அதற்குமேல் 5 லட்சம் வரை கிஷோர், அதற்கும்மேல் தருண். 52 வயதில், முழங்கால் வலியோடு, என்னைச் சிசுவாக ஏற்றுக்கொள்ளும்படி பிரார்த்தித்தேன். கணினியில், என் கடன் யோக்கியதையைச் சொல்லும் சிபில் ஜாதகத்தைக் கணித்துப் பார்த்தார். முந்நூற்றுக்கும் தொள்ளாயிரத்துக்கும் இடையே ஓர் எண் வரவேண்டிய இடத்தில் எனக்கு 'மைனஸ் ஒன்று' வந்தது. பிறந்தது முதல் எந்த வங்கியிலும் கடன் வாங்காதவனுக்கு அதுதான் மார்க்காம். ஒருவரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்ததைப் பெருமையாக எண்ணியிருந்த நான், அது பூஜ்யத்துக்கும் ஒருபடி கீழே என்பதை அறிந்து வெட்கினேன். பிறகு, "ஜாமீனுக்குக் கவர்ன்மெண்டு உத்தியோகத்தில் யாராவது இருக்காங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவிட்டிருப்பதை நினைவூட்டினேன். "ஈடு கேக்கலைங்களே, ஜாமீன்தானே கேட்டேன்" என்றார். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை.

தங்களை மட்டும் குறை கூறுவது என் நோக்கமல்ல. சீமையில், தாட்சர் அம்மையார் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், 1983 முதல் தேசமெங்கும் ஒரு திட்டம் நடந்தது: வேலையில்லாதவன் சொந்தத் தொழில் தொடங்கினால் ஒரு வருஷத்துக்கு வாரம் 40 பவுண்டு கொடுத்தார்கள். மகத்தான காரியம்தான், ஆனால் அதற்கு முதலில் அவன் தன் கணக்கில் 1,000 பவுண்டு இருப்பதாகக் காட்ட வேண்டும். வேலையில்லாதவனிடம் 1,000 பவுண்டு எங்கே இருக்கும்? ஒரே ஆயிரம் பவுண்டு ஒரு தெருவில் எத்தனை பேருடைய கணக்கில் ஏறி இறங்கிற்று என்று நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் நம் திட்டத்தின் பத்து சதவீதச் சொந்தப் பங்குக்காக வட்டிக்கு வாங்கி, காட்டிவிட்டு, மறுநாளே திருப்பிக் கொடுக்கும் சாமர்த்தியத்தை அறிந்தவன் என்ற முறையில், ஊகிப்பது எனக்குச் சிரமமாயில்லை.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. மானியத்தைக் கூட்டும்படி கேட்கவில்லை. 'புதிய தொழில்' என்ற அந்தப் பதத்துக்கு, வேலை போன தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஒருவன் தன் கைப்பொருளைப் போட்டுத் தொடங்கியதும் அடங்கும் என்று ஒரு வரி சேர்த்தருள வேண்டும். வேலை போன தேதிக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்பீர்களாகில், அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன்: என் கைப்பேசியைக் கச்சேரியில் ஆஜர்படுத்துகிறேன், கம்பெனியிலிருந்து கடைசியாகப் போன் வந்த தேதி அதில் இருக்கிறது.

இக்கடிதத்துடன் கால்மிதி ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். எந்தச் சட்டையிலிருந்து விழுந்த துண்டோ தெரியாது, ஓரத்தில் நீலமும் சிவப்புமாக நாலு கோடு விழுந்திருக்கும். அது பிழையல்ல, செக்கிங் பார்த்துத்தான் அனுப்புகிறேன். அலுவலக வாசலில் போட்டுக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு வருகிறவர்கள் நெடுநேரம் நிற்கும் இடமாகையால் கால் நோகாமல் இருக்கும். விலை 60 ரூபாய். தொகையைச் சௌகரியப்பட்டபோது அனுப்பினால் போதும். தங்கள் சிபில் புள்ளியை நான் பார்க்கவில்லை, ஜாமீனும் கேட்கவில்லை.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள சிசு,
வெள்ளகோவில்.