பின்னோக்காத பெருமக்கள்

பந்தயக் கார்களுக்கு கியர்பாக்ஸ் வடிவமைப்பவர்களைப் போல முன்னோக்கம் கொண்டவர்களை வேறு தொழிலில் காண்பது அரிது. எந்த எஃகு, எத்தனை ஆழத்துக்குக் கடினப்படுத்துவது, பல்லின் அடியில் வளைவு எவ்வளவு என்று ஒவ்வொரு கியருக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கியர்களைக் கவ்விப் பிடிக்கும் ‘டாக்’ பற்களின் முகத்தை ஓரிரண்டு பாகை உட்சரிவாகச் சீவுகிறார்கள். இழுவை ஏற ஏறப் பிடியும் இறுக வேண்டும் என்பதற்காக! ஓட்டுநர் லிவரை நகர்த்தி முடிப்பதற்குள் கியர் விழுந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விரதம்.

இந்த விரதம் முதல் கியரில் தொடங்கிக் கடைசி கியரில் முடிந்துவிடுகிறது. ரிவர்ஸ் என்று வந்துவிட்டால் அவர்களுக்குள் துறவு மனம் குடிபுகுகிறது. எதையும் கூட்டுவதில்லை, எதையும் மாற்றுவதில்லை, எதன் மீதும் பற்று வைப்பதில்லை. முன்கியர்களுக்குக் கிடைத்த புகழ்மாலைகள் ஏராளம். இந்தத் துறவுக்கு உரிய மாலையை இதுவரை யாரும் போடவில்லை.

அவர்களுடைய மேதைமையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் மைக் ஹியூலேண்ட் செய்ததை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் எடுத்தது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் கியர்பாக்ஸ். பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். பந்தயக் காரிலோ அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பெட்டியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும். காருக்கு 4 ரிவர்ஸ் கியர்களும் 1 முன்கியரும் கிடைக்கும். அவர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினார். எல்லாம் நேரானது. 4 ரிவர்ஸ் கியர்களிலிருந்து ஒரு தலைமுறைப் பந்தயக் கார்களையே காப்பாற்றிய மூளை அது. அந்த மூளையின் வழிவந்தவர்கள், மிச்சமிருக்கும் ஒரே ஒரு ரிவர்ஸை மட்டும் கிட்டத்தட்ட கண்டெடுத்த நிலையிலேயே பாதுகாத்து வருகிறார்கள். மரபைப் போற்றுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அவர்களின் சிக்கனத்துக்கு வருகிறேன். இரண்டு பல்சக்கரங்கள் கவ்விச் சுற்றினால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் போகும். நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகினால் வெளிவரும் சுழற்சி திசை மாறிவிடும். அந்த மூன்றாவது சக்கரத்தின் பெயர் ஐட்லர். முன்கியர்கள் எப்போதும் கவ்விய நிலையிலேயே இருக்க, டாக் பற்கள் மட்டும் நகர்ந்து அவற்றைச் செயலுக்குக் கொண்டுவரும். பழைய அமைப்பில் ரிவர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு ஃபோர்க் அந்த ஐட்லரையே அலக்காகத் தள்ளிக்கொண்டுபோய் இரு சக்கரங்களுக்கு நடுவே நுழைக்கும். பல்லின் முழு நீளமும் பக்கவாட்டில் இடுக்குக்குள் வழுக்கி நுழைய வேண்டும். வேகங்களைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் இல்லை, டாக் இல்லை, வழிகாட்ட எதுவுமில்லை. பல் முனையை லேசாகச் சீவி விட்டிருப்பார்கள். மற்றதை ஓட்டுநரின் பிரார்த்தனைக்கு விட்டுவிடுவார்கள்.

இந்த ஐட்லரின் மீது அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை என்னை நெகிழச் செய்கிறது. மற்ற கியர்களின் பல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாக வளைந்து நிமிரும். ஐட்லரின் பல்லை ஒரு சக்கரம் இந்தப் பக்கம் தள்ளும், அரைச்சுற்றுக்குள் அடுத்த சக்கரம் அந்தப் பக்கம் தள்ளும். இப்படி இருபுறமும் வளையும் பல் விரைவில் களைத்துப்போகும். அதனால் அதன் தாங்குதிறனில் ஏறத்தாழ 70 விழுக்காட்டையே கணக்கில் கொள்வது பல்சக்கர வடிவமைப்பின் வழக்கம். இரு சக்கரங்களின் தள்ளுவிசையும் ஒன்றாகக் கூடி அதன் தண்டின் மேல் விழும். பெட்டிக்குள்ளேயே கடினமான பிழைப்பு இதற்குத்தான். அந்தத் தண்டைப் பல பெட்டிகளில் ஒரு முனையில் மட்டும் பிடித்து, மறுமுனையை அந்தரத்தில் விட்டிருக்கிறார்கள். வலிமை மிக்க தாங்கிகளை முன்கியர்களுக்கு ஒதுக்கிவிட்டு, பலவீனமான இடத்தைத் தன்மானமுள்ள இந்தச் சக்கரத்துக்கு ஒப்படைக்க எத்தனை பெரிய மனது வேண்டும்!

ஓட்டுநர்களுக்குப் பொறுமை கற்பித்த புண்ணியமும் இவர்களையே சேரும். கிளட்சை மிதித்தவுடன் உள்ளே போகும் ஷாஃப்ட் நின்றுவிடாது. சுழன்ற வேகம் மிச்சமிருக்கும். சூடான கிளட்ச் தட்டுகள் முழுமையாகப் பிரியாமல் அதைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஐட்லரைத் தள்ளினால் பல்லோடு பல் உரசிக் ‘கர்ர்’ரென்று அலறும். ஷாஃப்ட் முழுக்க நின்றுவிட்டாலும் பாதி வேளைகளில் பல்லுக்கு நேரே பல் வந்து நிற்கும், இடுக்கு கிடைக்காது. அப்போது கிளட்சை இம்மி தளர்த்தி, ஷாஃப்ட்டைச் சற்றே நகரவிட்டு, மறுபடி மிதித்து, மறுபடி தள்ள வேண்டும். அனுபவசாலிகள் முதலில் ஒரு முன்கியரைத் தொட்டு ஷாஃப்ட்டை நிறுத்திவிட்டுத்தான் ரிவர்ஸுக்குப் போவார்கள். வீட்டு வாசலில் நின்று செய்வதானால் இது நல்ல பயிற்சி. பந்தயத்தில் இதைச் செய்ய வேண்டி வருபவர் எங்கே நிற்கிறார்? வளைவைத் தாண்டிய இடத்தில், சுழன்றுபோய், தடத்துக்குக் குறுக்கே. மூக்கு தடுப்புச்சுவரில் இருக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு வளைவு முடியும்வரை இவர் கண்ணில் படமாட்டார். அந்த இடத்தில் இரண்டு மூன்று விநாடி தியானத்துக்கு வாய்ப்பளிக்கும் பொறி உலகத்திலேயே இது ஒன்றுதான்.

பந்தய காலம் முடிந்து பிரித்துப் போட்ட ஒரு பெட்டியைப் பார்த்தால் இவர்களின் சாதனை முழுதாக விளங்கும். முன்கியர்களின் பல்முகம் தேய்ந்து, புள்ளி விழுந்து, உழைத்த களைப்போடு கிடக்கும். ரிவர்ஸின் பல்முகமோ கடைந்த வரிகள்கூட அழியாமல் பளபளக்கும், ஏனென்றால் அது சுமை சுமந்ததே இல்லை. அதே பல்லின் ஓரங்களைப் பாருங்கள். எலி கரம்பியதைப் போலச் சிதைந்திருக்கும். உள்ளே நுழைய முயன்று முயன்று வாங்கிய அடிகள் அவை. வேலை செய்த தழும்பு ஒன்றுகூட இல்லாமல், வேலைக்குச் சேர முயன்ற தழும்புகள் மட்டும் நிறைந்த ஒரு பாகத்தை இவர்களைத் தவிர யாராலும் வடிவமைத்திருக்க முடியாது.

பாதுகாப்பில் இவர்கள் காட்டும் அக்கறையைச் சொல்லாமல் விடக்கூடாது. லிவரின் பாதையில் ரிவர்ஸ் பல கார்களில் ஐந்தாம் கியருக்கு நேர்கீழே இருக்கும், சிலவற்றில் முதல் கியருக்கு நேர்மேலே. முழு வேகத்தில் கை தவறி அங்கே போனால் பெட்டியே சிதறும். ஆகவே ஒரு பூட்டு கட்டாயம் வேண்டும். ஒரு வளையத்தை மேலே இழுக்க வேண்டும், அல்லது குமிழை அழுத்த வேண்டும், அல்லது வலுவான ஸ்பிரிங்கை எதிர்த்து லிவரைத் தள்ள வேண்டும். இந்தப் பூட்டு தேவையானது, அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அது எத்தனை நேர்த்தியாகப் பூட்டுகிறது தெரியுமா? தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வார்கள் இறுகியிருக்க, கழுத்துக் காப்பு தலையைத் திருப்ப விடாமல் பிடித்திருக்க, தடித்த கையுறைக்குள் விரல் மரத்திருக்க, அந்த ஓட்டுநராலேயே திறக்க முடியாத அளவுக்குப் பூட்டுகிறது. எதிரியிடமிருந்தும் காக்கிறது, உரியவரிடமிருந்தும் காக்கிறது.

விதிகளுக்கு இவர்கள் பணிந்து நடப்பதும் போற்றத்தக்கது. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதித்தொகுப்பு, கார் போட்டியைத் தொடங்கும்போது ரிவர்ஸ் கியர் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. இருக்கையில் இயல்பாக அமர்ந்தபடியே ஓட்டுநர் அதை இயக்க முடிய வேண்டும் என்கிறது. தொடங்கும்போது! இதைவிடக் கனிவான கட்டளையை யாரும் எழுத முடியாது. பரிசோதகர் வரும்போது தரை சமமாக இருக்கும், எண்ணெய் குளிர்ந்திருக்கும், கிளட்ச் புதிதாக இருக்கும், யாருக்கும் அவசரம் இருக்காது. லிவர் போகிறது, கார் ஒரு முழம் பின்னே நகர்கிறது, முத்திரை விழுகிறது. கேட்டதற்கு ஓர் அணுவும் குறையாமல், ஓர் அணுவும் கூடாமல் கொடுக்கும் நேர்மை இது.

விகிதத்திலும் இதே நேர்மைதான். தடத்துக்குத் தடம் முன்கியர்களை மாற்றுவார்கள். 2013 வரை ஃபார்முலா 1-இலும் மொனாக்கோவின் ஊசிமுனை வளைவுக்கு ஒரு தொகுதி, மோன்ஸாவின் நீண்ட நேர்பாதைக்கு இன்னொன்று என்று இருந்தது. ரிவர்ஸ் பெரும்பாலும் பெட்டி பிறந்த நாளில் இருந்தபடியே இருக்கும். சரளைப் படுகையில் சக்கரம் அரையடி புதைந்திருக்கும்போது மெதுவாக ஊர்ந்து வெளியேற வேண்டும்; அதற்கு அந்த விகிதம் ஒத்துழைக்காது, கிளட்சை நழுவவிட்டே ஊர வேண்டும். பந்தயக் கிளட்சோ சிறியது, இலேசானது, நழுவவிட்டு ஓட்டினால் நிமிடத்தில் கருகுவது. ரிவர்ஸ் வேலை செய்தாலும் கிளட்ச் கைவிடும் என்று ஏற்பாடு செய்துவைத்ததால், பழி ரிவர்ஸின் மேல் விழுவதே இல்லை.

ரிவர்ஸ் குறையின்றி உழைத்த நாள்களும் உண்டு. 1989-இல் போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் நைஜல் மேன்செல் தம் ஃபெராரியோடு பிட்டுக்குள் வந்தார். அவ்வாண்டுதான் அந்தக் கார் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் புதிய பெட்டியோடு களம் இறங்கியிருந்தது. தம் இடத்தைத் தாண்டிப் போய்விட்டவர், ஊழியர்கள் தள்ளட்டும் என்று காத்திராமல் ரிவர்ஸ் போட்டார். கியர் விழுந்தது, கார் பின்னே வந்தது. பிட் பாதையில் சொந்த ஆற்றலில் பின்னோக்கி வருவது விதிக்குப் புறம்பு. பந்தயத்தை விட்டு விலகச் சொல்லும் கறுப்புக் கொடியைக் காட்டினார்கள். அதை மதியாமல் ஓடிக்கொண்டிருந்தவர் அயர்டன் சென்னாவோடு மோத, இருவரும் வெளியேறினார்கள். 50,000 டாலர் அபராதமும் அடுத்த பந்தயத்துக்குத் தடையும் வந்தன. அந்த ஓட்டத்தில் குறைசொல்ல இடமில்லாமல் நடந்துகொண்டது ரிவர்ஸ் கியர் ஒன்றுதான்.

இன்னொரு நாளைச் சொல்லும்போது எனக்குப் பாராட்டு உண்மையாகவே பொங்குகிறது. 2021 ஏப்ரலில் இத்தாலியின் இமோலாவில், டோசா வளைவின் ஈரத்தில் வழுக்கிய லூயிஸ் ஹாமில்டன் சரளைக்குள் போய்ச் சுவரை முட்டி நின்றார். ரிவர்ஸ் போட்டு, அவசரப்படாமல் சரளையிலேயே பின்னோக்கி ஊர்ந்து, தடத்துக்கு மீண்டார். பின்னர் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டதும் அவருக்குக் கைகொடுத்தது. 2-ஆம் இடத்தில் முடித்தார். மார்ஷல் எவரும் ஓடிவந்து காரைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. இதைத்தான் நான் கேட்கிறேன். தானாகப் பின்வாங்கத் தெரிந்த ஒவ்வொரு காரும், ஓடும் கார்களுக்கு நடுவே தடத்தோரம் நிற்க வேண்டிய ஒரு மனிதரைக் குறைக்கிறது. கைலிவர் பெட்டியோடு ஓடும் சிறு வகுப்புகளில், இளம் ஓட்டுநர்களும் சம்பளமில்லாத தன்னார்வ மார்ஷல்களும் நிற்கும் தடங்களில், அந்த மனிதரின் உயிர் ஹாமில்டனுடையதைவிடக் குறைந்ததல்ல.

வழி தெரியாமல் இவர்கள் தவிக்கவில்லை. ஐட்லரை எப்போதும் கவ்வியே வைத்து, டாக்கால் இணைக்கலாம். உள்ஷாஃப்ட்டை நிறுத்த ஒரு சிறு கூம்புத் தடை போதும். சாலைக் கார்கள் சிலவற்றில் ரிவர்ஸுக்குப் போகும் லிவரே ஒரு முன்கியரின் சின்க்ரோ வளையத்தை ஒரு கணம் உரசவைத்து ஷாஃப்ட்டை அடக்குகிறது. ஐட்லர் தண்டின் மறுமுனைக்கும் ஒரு தாங்கி கொடுக்கலாம். இவற்றுக்கு விலை உண்டு என்பது எனக்குத் தெரியும். எப்போதும் சுற்றும் ஐட்லர் எண்ணெயைக் கலக்கி ஆற்றலைத் தின்னும், எடையும் சில நூறு கிராம் கூடும். அந்தச் சில நூறு கிராமை மிச்சப்படுத்தத்தான் இத்தனை காலத் துறவு.

துறவின் உச்சத்தையும் சிலர் தொட்டுவிட்டார்கள். 1988-இல் ஹோண்டா தன் கோல்டு விங் பைக்கைப் பின்னே நகர்த்த ஸ்டார்ட்டர் மோட்டாரையே பயன்படுத்தியது. 2019-இல் வந்த ஃபெராரி எஸ்எஃப்90, 2021-இல் வந்த மெக்லாரன் ஆர்ட்டுரா ஆகிய கார்களின் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் பல்சக்கரமே இல்லை. மின்மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி வேலையை முடிக்கிறது. எடையும் குறைந்தது, உரசலும் போயிற்று. ரிவர்ஸை நேசித்தவர்கள் அதை நீக்கியே சீராக்கினார்கள். அதைப் பொருட்படுத்தாதவர்கள் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பெருமக்களே, உங்கள் முன்னோக்கத்தில் ஒரு விநாடியை மட்டும் இரவல் கேட்கிறேன். அடுத்த பெட்டியைச் சோதனை மேடையில் ஏற்றி முன்கியர்களை ஆயிரக்கணக்கான முறை மாற்றிப் பார்ப்பீர்களே, அன்றே ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த பெட்டியில் வேண்டாம். எண்ணெய் கொதிக்கும்போது, கிளட்ச் பாதி தேய்ந்த பின், ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கையில், வார்களை இறுக்கிக் கையுறையோடு உட்கார்ந்த ஒருவரின் கையால், நூறு முறை. எத்தனை முறை முதல் தள்ளலிலேயே விழுந்தது என்பதை எழுதி, பெட்டியோடு சேர்த்து அனுப்புங்கள்.