திண்ணைக்குக் கம்பி

புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே பிரெஞ்சுக்காரர் தெருக்கள்: உயர்ந்த மதில், சாத்திய கதவு. மேற்கே தமிழர் தெருக்கள்: வழிப்போக்கர் உட்காரத் திண்ணை, வெயிலுக்குத் தாழ்வாரம். முன்பின் தெரியாதவருக்கும் மோர் கிடைத்ததாம். சாதி கேட்காமல் கிடைத்ததா என்று யாரும் சொல்வதில்லை.

இன்று திண்ணைகள் பலவற்றுக்குக் கம்பிக் கதவு. மதில் வீடுகளோ விடுதிகளாகி, வந்தவரையெல்லாம் ‘போன்ஷூர்’ என்று வரவேற்கின்றன. அதுவும் வாடகையில் சேர்த்தி. சனி, ஞாயிறு வந்தால் காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவரெல்லாம் படப்பிடிப்புத் தளம். வீட்டுக்காரர் வெளியே வந்தால், “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்பார்கள்.

பெரிய மார்க்கெட் மீன்கார அம்மாவிடம் யாரை வரவேற்பது என்ற குழப்பம் கிடையாது. வாங்கினால் “வா கண்ணு”. விலை மட்டும் கேட்டு நகர்ந்தால் வசவு. உள்ளூர்க்காரர், வெள்ளைக்காரர் எல்லோருக்கும் ஒரே ரேட்டு.