கரையான் வளர்ப்புத் துறை

2600 ஆண்டுக்கு முந்தைய பானை ஓட்டைக் கண்டால் நம் தலைவர்களுக்குக் கண் கலங்கும். 60 ஆண்டுக்கு முந்தைய ஏரிப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். கண் சிவக்கும்.

காரணம் பெரிய ரகசியமில்லை. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை யாருடைய பட்டாவையும் ரத்து செய்யாது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கீழடி மீது குறையில்லை. அதைத் தோண்டியவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஆனால் தாத்தா காலத்துக் கிராமக் கணக்கு அப்படியில்லை. அது வாயைத் திறந்தால் ஏரி எங்கே போனது, வாய்க்கால் யார் வீட்டு மனையானது என்று சொல்லிவிடும். அதனால் அதற்கு அருங்காட்சியகம் கிடையாது. ஓர் இருட்டறை, ஓர் ஒழுகும் கூரை, மிச்சத்துக்குக் கரையான். சம்பளம் இல்லாமல் இத்தனை ஆண்டு ஒழுங்காக வேலை பார்க்கும் ஒரே அரசு ஊழியர் அதுதான்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் இல்லை. வியூவும் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய சென்னை வரைபடங்களை இன்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கின்றன. அதில் நீளமாக ஓர் ஏரி படுத்திருக்கும். 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். 2021 நவம்பரில் அந்த நகரில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, ‘வரலாறு காணாத மழை’ என்று அறிக்கை விட்டார்கள். வரலாற்றைக் காணாதது மழையல்ல ஐயா, நீங்கள்.

சரி, சாமானியன் வாழ்ந்த தடயத்தை யார்தான் காப்பாற்றினார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். புத்தகத்தோடு நிறுத்தவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று படித்தவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அந்தக் களஞ்சியத்தை வாங்கிக் காப்பாற்றியது கோட்டையல்ல, சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. முச்சந்திக்கு ஒரு சிலை வைக்க மட்டும் நம்மிடம் எப்போதும் காசு இருந்தது.

பழைய ஸ்டூடியோப் படங்கள் கதையும் அதேதான். பின்னால் மாளிகை வரைந்த திரைச்சீலை. நாற்காலியில் கணவன், கைக்கடிகாரம் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பியிருப்பான். பக்கத்தில் நிற்கும் மனைவிக்குக் கேமராவைப் பார்த்துப் பயம். அந்தப் புடவைக் கட்டும் அந்தக் காலணியும் எந்த மன்னன் மெய்க்கீர்த்தியிலும் இல்லை. இந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். நிதி கொடுத்தது பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம். கிராமப் பஞ்சாயத்துகளின் பழைய ஆவணங்களுக்கும் அவர்கள்தான் வந்தார்கள். வெள்ளைக்காரனை விரட்டியதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். நம் பாட்டியின் படத்தைப் பாதுகாக்க அவன் வீட்டு வாசலில்தான் நிற்கிறோம்.

ஈழத்தைப் பாருங்கள். யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பல். 2005இல் ஈழத்து இளைஞர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார்கள். பாடசாலை மலர், கோயில் மலர், இறந்தவருக்கு 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலர் வரை தேடித்தேடி ஏற்றினார்கள். ஒரு சாதாரண ஆசிரியையின் வாழ்க்கை அதில் கிடைக்கும். எரித்தவன் முகத்தில் அறைந்த பதில் அது.

நம்மூரில் எரிக்க எதிரி வேண்டியதில்லை. நமக்குப் போகி இருக்கிறது. தாத்தாவின் வரவு செலவு நோட்டு, அத்தையின் கடிதக் கட்டு, பழைய பஞ்சாங்கம், எல்லாம் விடியற்காலைத் தீயில் போகும். மூன்றாம் நாள் திருவள்ளுவர் தினம். மைக் பிடித்துத் தொன்மை பேசுவோம்.

அரசு ஸ்கேன் செய்யவே இல்லையா என்று கேட்காதீர்கள். செய்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உருப்படியான வேலை நடந்திருக்கிறது. அதை மறுப்பது அயோக்கியத்தனம். ஆனால் டெண்டரில் விடப்படும் ஸ்கேன் ஒரு தனி ரகம். அப்படியொரு பழைய அரசிதழ்ப் பக்கத்தைத் திறந்தேன். ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் அற்புதமாகப் பதிவாகியிருந்தது. ரேகை பார்த்து ஜாதகமே எழுதலாம். நான் தேடிய ஊரின் பெயர் அந்த விரலுக்கு அடியில். நடுப்பக்கத்தில் சாய்வாக நிறுவன முத்திரை, நான்கு வரியை விழுங்கியபடி. அடுத்த பக்கம் இல்லை. அதற்கு அடுத்தது இரண்டு முறை. கோப்பின் பெயர் ‘புதியது 1’. பக்கக் கணக்கில் பில் போட்டால் பக்கம்தான் வரும். எழுத்து எதற்கு வரும்?

அதையும் எல்லோரும் பார்க்க முடியாது. கடவுச்சொல் வேண்டும், அனுமதிக் கடிதம் வேண்டும், ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு அதிகாரி மனம் குளிரும் பதில் வேண்டும். என் ஊர் ஏரியைப் பற்றி நான் தெரிந்துகொள்ள, ஏரியை விற்றவர்களிடம் காரணம் சொல்ல வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 அன்று கூடும். போங்கள். டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் எழுந்து கேளுங்கள். ஊராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்கள் எங்கே? ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி எப்போது போடுவீர்கள்? கரையான் தின்றுவிட்டது என்றால் விடாதீர்கள். எந்த ஆண்டுப் புத்தகத்தை, யார் பொறுப்பில் இருந்தபோது தின்றது என்று அதையே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தோடு. எழுதியதும் உங்கள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.