மூட்டையும் முகவரியும்

ஒன்று விழுந்தால் மற்றொன்று அதன் சுமையைத் தூக்கிக்கொள்ளும்படி இணைக்கப்பட்ட சர்வர்களின் கூட்டம் 'கிளஸ்டர்' எனப்படும். அதில் ஒரு செயலியையும் அதற்குரிய வட்டையும் மிதக்கும் ஐபி முகவரியையும் ஒன்றாகக் கட்டிய மூட்டையே 'பேக்கேஜ்' என்பதால், அது வேறு சர்வருக்குக் குடிபெயரும்போது முகவரியும் கூடவே போய்விடும், பயனர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாவட்டப் பிரிப்பில் இந்த வசதி இல்லை. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஆட்சியர் அலுவலகம் அருகே வந்தது. முகவரியைத் திருத்தும் திருப்பணி மட்டும் மக்கள் தலையில் விழுந்தது.

சர்வர்கள் தாம் உயிரோடிருப்பதை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் சமிக்ஞை 'ஹார்ட்பீட்'. அது சில விநாடிகள் நின்றாலே அந்தச் சர்வர் இறந்ததாகக் கருதப்படும் என்ற விதியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்குப் பொருத்தினால், கைபேசிச் சிக்னல் எட்டாத வளைவுகளில் பேருந்தேறிச் செல்பவர் அங்குள்ள வெள்ளிமலை சேர்வதற்குள் பலமுறை இறந்து பிழைத்திருப்பார்.