மீன்தொட்டி நைட்ரேட்டும் இல்லற அரசியலும்: ஓர் ஆய்வு

கொளத்தூரில் வாங்கிய இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, அதில் மூன்று கோல்டு ஃபிஷ், அதைச் சுற்றி ஒரு குடும்பம். இதுவே ஆய்வுக்களம். தொட்டியில் நைட்ரேட் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பது ஆய்வுச் சிக்கல்.

முதலில் முன்னோர் கண்டவை. தின்ற இரையின் கழிவாக மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். 1890 வாக்கில் இவற்றைப் பிரித்தெடுத்த வினோகிராட்ஸ்கி காலந்தொட்டு, இது இரண்டு ஆள் வேலை என்றே கருதப்பட்டது. நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியாவில் சில வகைகள் இரண்டையும் ஒண்டியாளாக முடிப்பதாக 2015-இல் தெரியவந்தது. அரசு அலுவலக மரபுக்கே முரணான கண்டுபிடிப்பு! ஆனால் நைட்ரேட்டோடு அவற்றின் கடமை முடிந்தது. அதை வெளியேற்றும் வேலை சாதாரண ஃபில்டருக்கும் கிடையாது.

இல்லத்தில் மூன்று கொள்கையினர் உளர்.

தண்ணீர் பளிங்காக இருந்தால் சுத்தம் என்பர் தெளிவுக் கொள்கையினர். நைட்ரேட்டுக்கு நிறமோ வாசனையோ இல்லை. எனவே இக்கொள்கை தள்ளத்தக்கது. மணி பிளான்ட் கொள்கையினர் வேரைத் தொட்டியில் தொங்கவிடுவர். வேர் நைட்ரேட்டை உறிஞ்சுவது உண்மையே, ஆனால் சாவகாசமாக. மூன்றாமவர் பசியிரக்கக் கொள்கையினர். காலையில் பாட்டி, மாலையில் பேரன், இரவில் அப்பா எனத் தனித்தனியே இரை போடுவர். ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்டுவதில்லை.

அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. பரவலாக விற்கும் சொட்டுச் சோதனைக் கிட்டில் இரண்டாம் பாட்டிலை அரை நிமிடம் ஓங்கிக் குலுக்க வேண்டும்; இல்லையேல் அளவு குறைத்துக் காட்டும். “நைட்ரேட் குறைந்துவிட்டது” என்ற நற்செய்திகள் பல குலுக்காத பாட்டிலில் பிறந்தவையே.

இனி கணக்கு. வாரந்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறும் தொட்டியில், நைட்ரேட் இல்லாத தண்ணீரால் கால்வாசி மாற்றி வந்தால், மாற்றுமுன் அளவு 40-இல் போய் நிற்கும். பாதி மாற்றினால் 20. இரை பாதியானால், கால்வாசி மாற்றினாலும் ஏறத்தாழ அதே 20.

போர் தண்ணீரானால் அதையும் அளக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட் வரம்பே லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த வரம்புக்குள் அடங்கிய, 40 உள்ள தண்ணீரை எத்தனை பக்கெட் ஊற்றினாலும் தொட்டி அதற்குக் கீழே இறங்காது.

முடிவு: தண்ணீர் வாரம் ஒருமுறை, இரை போடும் கை ஒன்றே. இதைப் பாட்டியிடம் யார் சொல்வது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.