இரண்டாம் வரியின் இடப்பெயர்ச்சி: புல்லட் இலக்கணம் குறித்த ஓர் ஆய்வு

புல்லட் போட்ட வாக்கியம் ஒரு வரிக்குள் அடங்காமல் நீளும்போது, அதன் இரண்டாம் வரி முதல் வரியின் எழுத்துக்கு நேர்கீழே தொடங்க வேண்டுமா, புல்லட்டுக்கு நேர்கீழே தொடங்க வேண்டுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். எழுத்துக்கு நேர்கீழே என்பது அறிஞர் துணிபு. புல்லட்டுக்கு நேர்கீழே என்பது நடைமுறை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்தை முன்னிட்டுப் பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ரிவியூவுக்கு முந்திய இரவில் படும் பாடு ஆராயத்தக்கது எனக் கண்டோம்; ஆதலால் ஆராய்கிறோம்.

முதலில் ஆய்வுக்களம். புராஜெக்ட் ரிவியூவில் மாணவரின் அல்காரிதம் பற்றிப் பேனலில் இருப்பவர்களுக்குக் கருத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'அலைன்மெண்ட் சரியில்லையே' என்ற கருத்து மட்டும் அனைவருக்கும் உண்டு. அதைச் சொல்லப் பாடம் தெரிய வேண்டியதில்லை, கண் தெரிந்தால் போதும். 'சார், என் லேப்டாப்ல சரியாத்தான் சார் இருந்துச்சு' என்பது மாணவர் தரப்பு வாதம். பேனல் இதைப் பொய் என்றே கொள்ளும். அது பெரும்பாலும் மெய் என்று இவ்வாய்வு நிறுவும். தேவைப்படும் மாணவர்கள் மேற்கோள் காட்டிக்கொள்ளலாம்.

வரலாற்றுப் பின்புலம் இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை என்பதால் ஒரு பத்தி. பவர்பாயிண்ட் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்தது. வெளியிட்ட நிறுவனம் ஃபோர்தாட். கருத்து ராபர்ட் காஸ்கின்ஸுடையது, நிரல் எழுதியவர்களில் முதன்மையானவர் டென்னிஸ் ஆஸ்டின். 'பிரசென்டர்' என்றுதான் முதலில் பெயர் வைத்திருந்தார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது. விண்டோஸுக்கு 1990இல் வந்தது. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடித் தாளை அழகாகத் தயாரித்துக்கொள்ளவே தொடக்கத்தில் இது பயன்பட்டது. அந்தத் தாளில் மார்க்கர் பேனாவால் கைப்பட எழுதிப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் இரண்டாம் வரி இடம்பெயர்ந்து யாரும் பார்த்ததில்லை.

புள்ளி வைப்பது தமிழருக்குப் புதிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி ஏடெழுதியவர்கள் அதைப் பல இடங்களில் வைக்காமலே விட்டார்கள். அவர்கள் மிச்சம் பிடித்ததை எல்லாம் நாம் இப்போது ஸ்லைடுக்கு ஏழாக வைத்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பொருளுக்கு வருவோம். இரண்டாம் வரியை இடத்தில் நிறுத்துவது எப்படி என்பதில் மாணவருலகம் பல பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றுள் பெரியது ஸ்பேஸ்பார் பள்ளி. இரண்டாம் வரி தொடங்கும் இடத்தில் கர்சரை வைத்து ஸ்பேஸ் அடிப்பது இவர்கள் வழி. அப்படி அடித்தால் ஒன்றும் நகர்வதில்லை. அடித்த இடமெல்லாம் முதல் வரியின் வாலில் போய்த் தொங்கிவிடுகிறது. ஆகவே என்டர் தட்டுகிறார்கள். உடனே புதிய புல்லட் முளைக்கிறது. பேக்ஸ்பேஸ் அடித்து அதைக் களைகிறார்கள். பிறகு ஸ்பேஸ், ஸ்பேஸ், ஸ்பேஸ். இங்கேதான் இப்பள்ளியின் தீராத தத்துவச் சிக்கல் எழுகிறது: ஐந்து அடித்தால் குறைகிறது, ஆறு அடித்தால் மிகுகிறது. ஒரு ஸ்பேஸின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். புல்லட்டுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தொலைவு அந்த அகலத்தின் முழு மடங்காக அமைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அரை எழுத்துப் பிசகை 'தூரத்துல இருந்து பாத்தா தெரியாதுடா' என்ற உரையால் அமைதி கூறி மேற்செல்வது இப்பள்ளியின் மரபு. பேனல் முதல் வரிசையில் அமரும் என்பதை உரை கணக்கில் கொள்வதில்லை.

என்டர் பள்ளி இதன் கிளை. இரண்டு புல்லட்டுகளுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும் என்றால் வெற்று என்டர் ஒன்று. வெற்றுப் பத்தியில் புல்லட் தெரியாது என்பதால் வெளியே ஒரு குற்றமும் தோன்றாது. ஆனால் அந்த வெற்று வரிக்கும் எழுத்தளவு உண்டு. 28 பாயிண்டில் அது பெரும் பள்ளமாகத் தெரியும். எனவே அப்பள்ளியின் தேர்ந்த மாணவர்கள் அந்த ஒன்றுமில்லாத வரியை மட்டும் தேர்வு செய்து, எழுத்தளவை 6 ஆக்குகிறார்கள். இல்லாத எழுத்தின் அளவைக் குறைத்து, இருக்கும் எழுத்துக்கு இடம் உண்டாக்கும் இந்த முறையில் ஒரு வேதாந்த நயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். பத்தி அமைப்புப் பெட்டியில் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று இதற்கென்றே இரண்டு கட்டங்கள் இருப்பதையும் சொல்லிவைக்கிறோம்.

டேப் பள்ளியைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. பத்தித் தொடக்கத்தில் டேப் அடித்தால் வரி நகராது, பதவி இறங்கும். முதல் மட்டம் இரண்டாம் மட்டமாகி எழுத்து சிறுக்கும். ஷிஃப்ட்டோடு டேப் அடித்தால் பதவி திரும்பக் கிடைக்கும். இது தெரியாமல் எழுத்தைக் கையால் பெரிதாக்கியவர்கள் பலர்.

எஞ்சியிருப்பது ரூலர் பள்ளி. உறுப்பினர் மிகக் குறைவு. இவர்கள் கண்ட உண்மை இதுதான்: ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு எண்கள் உண்டு. எழுத்து, பெட்டியின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது ஒன்று. முதல் வரி மட்டும் அதிலிருந்து எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. பெட்டியில் முதலாவதன் பெயர் 'பிஃபோர் டெக்ஸ்ட்', இரண்டாவதன் பெயர் 'ஹேங்கிங்'. பின்வாங்கிய இடத்தில் புல்லட் உட்காரும். இரண்டு எண்களும் சமமாக இருந்தால் புல்லட் ஓரத்தில் நிற்கும், எழுத்தெல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். ஹேங்கிங் சுழியமானால் இரண்டாம் வரி புல்லட்டின் காலடிக்கு வந்துவிடும். இடப்பெயர்ச்சி என்று நாம் கூறுவது இதைத்தான். இதற்குப் பரிகாரத் தலம் எதுவும் போக வேண்டியதில்லை.

2007 முதல் வந்த பவர்பாயிண்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கட்டு. கோப்புப் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பார்த்தால் இவ்விரு எண்களும் கண்ணில் படும். 2013க்குப் பிறகு நெடுங்காலம் வழங்கிய அடிப்படை வார்ப்பில் முதல் மட்டத்துக்கு எழுதப்பட்டிருப்பவை 228600, கழித்தல் 228600. இவை இயற்கைக்கு மாறான எண்களாகத் தோன்றலாம். அங்குலம் ஒன்றை 914400 ஆகப் பிரித்த அலகு இது. அப்படிப் பிரித்தால் சென்டிமீட்டருக்கு 360000, அச்சுப் பாயிண்டுக்கு 12700 என்று பின்னமே இல்லாமல் வரும். 228600 என்பது துல்லியமாகக் கால் அங்குலம். இத்தனை நுட்பமாக அளந்து வைத்த இடத்தை நாம் கட்டைவிரலால் ஸ்பேஸ்பாரைத் தட்டி நிரப்புகிறோம்.

ஆனால் மூல காரணம் ஸ்பேஸ்பாரும் அன்று. தமிழ்நாட்டில் எந்த மாணவரும் பிபிடியைப் புதிதாகத் தொடங்குவதில்லை. சீனியர் தந்த பிபிடி, அவருக்கு அவருடைய சீனியர் தந்தது. தலைப்பை மாற்று, பெயரை மாற்று, பதிவெண்ணை மாற்று. உள்ளே இருக்கும் இடைவெளிகள் பூர்வீகச் சொத்தைப் போல வில்லங்கத்தோடு கைமாறுகின்றன. விதிப்படி இடைவெளி இறங்கிவர வேண்டிய வழி வேறு: ஸ்லைடு மாஸ்டரிலிருந்து லேஅவுட்டுக்கு, அதிலிருந்து ஸ்லைடில் உள்ள பெட்டிக்கு, அதிலிருந்து பத்திக்கு. மாஸ்டரில் ஒருமுறை திருத்தினால் நாற்பது ஸ்லைடும் திருந்தும். சீனியரோ ஒவ்வொரு ஸ்லைடிலும் லேஅவுட் தந்த பெட்டியை அழித்துவிட்டு, டெக்ஸ்ட் பாக்ஸ் என்ற தனிப்பெட்டியைச் செருகி எழுதியிருப்பார். தனிப்பெட்டி லேஅவுட்டுக்குக் கட்டுப்படாது. அவுட்லைன் காட்சியிலும் தலைகாட்டாது. ஹோம் பட்டையில் உள்ள 'ரீசெட்' பொத்தானை அழுத்தினால் லேஅவுட் பெட்டிகள் ஒழுங்குக்குத் திரும்பும், தனிப்பெட்டி அசையாது. லேஅவுட் பெட்டிக்குள்ளேயும் ரீசெட்டால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. சீனியர் அடித்த ஸ்பேஸ்கள் வடிவமைப்பு அல்ல, எழுத்து. அவற்றை யாராவது உட்கார்ந்து அழித்தால்தான் போகும்.

மாணவர் வாதத்துக்குச் சான்றுகள் இனி. டிக் அடையாளத்தைப் புல்லட்டாக வைப்பதில் நம்மவருக்கு விருப்பம் அதிகம். அந்த டிக் உண்மையில் டிக் அன்று. விங்டிங்ஸ் என்ற எழுத்துரு, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஜெர்மானிய யூ எழுத்துக்குப் பூட்டிய வேடம். அம்புக்குறியோ, குறுக்குக் கோடு போட்ட டேனிஷ் ஓ. விங்டிங்ஸ் இல்லாத கணினியில், அல்லது அவசரத்துக்குத் திறந்த செல்போன் செயலியில், வேடம் கலைந்து ஜெர்மானியரும் டேனியரும் ஸ்லைடில் வரிசையாக நிற்பதைப் பேனல் காணக்கூடும். 'என் லேப்டாப்ல டிக் இருந்துச்சு சார்' என்பது அப்போது நூற்றுக்கு நூறு மெய்.

அடுத்த சான்று ஆட்டோஃபிட். எழுத்து பெட்டிக்குள் அடங்காவிட்டால் மென்பொருள் தானே எழுத்தையும் வரி இடைவெளியையும் சுருக்கும். கோப்பைப் பிரித்துப் பார்த்தால் எழுத்துக்கு 92.5 விழுக்காடு, இடைவெளியில் 10 அல்லது 20 விழுக்காடு குறைப்பு என்றெல்லாம் குறிப்பு இருக்கும். நான்கு புல்லட் உள்ள ஸ்லைடில் 28 பாயிண்டாக இருக்கும் எழுத்து, எட்டு புல்லட் உள்ள ஸ்லைடில் சொல்லாமல் கொள்ளாமல் மெலிந்துவிடும். பேனலுக்கு ஒன்றும் பிடிபடாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். எண் வரிசையிலும் இப்படி ஒரு கண்ணி: ஒன்பது வரை ஒழுங்காக நிற்கும் பட்டியல் பத்தாம் எண்ணில் பிசகும். இரண்டு இலக்கம் ஹேங்கிங் இடத்துக்குள் அடங்காமல் எழுத்தை அடுத்த டேப் நிறுத்தத்துக்குத் தள்ளிவிடும். பத்து அம்சம் உள்ள ஸ்லைடுக்கு வேறு தண்டனைகளும் தகும் என்பது எம் சொந்தக் கருத்து.

தமிழில் ஸ்லைடு போடுவோருக்குத் தனிக் கேடு ஒன்றுண்டு. லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களுக்கு மேலே சுழியும் கீழே வாலும் இருப்பதால் வரி உயரம் கூடுதல். ஒரு வரியின் உயரத்தை அதில் உள்ள மிக உயர்ந்த எழுத்துருவே நிர்ணயிக்கும். முழு ஆங்கில வரிக்கு நடுவில் 'கண்மாய்' என்று ஒரு சொல் வந்தால் அந்த வரி மட்டும் தள்ளி நிற்கும். வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று பாயிண்டில் கட்டிவைத்தால் சமமாகும். கஞ்சத்தனமாகக் கட்டினால் மேல்வரி உகரத்தின் வாலும் கீழ்வரி இகரத்தின் கொக்கியும் மோதிக்கொள்ளும்.

மட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது விளையாட்டைச் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரோடு கொலம்பியா விண்வெளி ஓடம் சிதைந்தது. புறப்பாட்டின்போது சிறகில் மோதிய நுரைத்துண்டைப் பற்றி, ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடை விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்துப்போட்டு விமர்சித்தது. எட்வர்ட் டஃப்டி அதை ஆராய்ந்து, ஒரே ஸ்லைடில் ஆறு மட்டங்கள் இருப்பதைக் காட்டினார். சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1920 கன அங்குலம். அந்த எண்கள் ஸ்லைடில் இருக்கத்தான் செய்தன, கடைசியில், கீழ்மட்டத்துப் புல்லட்டாக. மட்டம் இறங்கினால் எழுத்து மட்டும் சிறுப்பதில்லை.

ஆய்வு முடிவுகள். இரண்டாம் வரியை வேண்டிய இடத்தில் முறிக்க என்டர் தகாது, ஷிஃப்ட்டோடு என்டர் தகும். அப்போது புதிய புல்லட் முளைக்காது, வரியும் எழுத்துக்கு நேராகவே நிற்கும். சீனியர் அடித்த ஸ்பேஸ்களைக் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தி, இரட்டை ஸ்பேஸைத் தேடி ஒற்றையாக மாற்றிக் களையலாம். ஒருமுறை போதாது, எண்ணிக்கை சுழியமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்க. முதல் சொல்லுக்கு மட்டும் சிவப்பு அடித்தால் புல்லட்டும் சிவக்கும், ஏனெனில் புல்லட் முதல் எழுத்தின் வழி நடக்கும். இதை வைரஸ் என்று எண்ணி லேப்டாப்பைக் கடையில் கொடுக்க வேண்டாம். இக்கட்டுரையில் புல்லட் எங்கும் பயன்படாததற்குக் காரணம் கொள்கை.

நிறைவாக, ரிவியூ பேனலில் அமரும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வியூ பட்டையில் ரூலர் என்ற கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்து, புல்லட் உள்ள பத்தியில் கர்சரை வைத்தால், மேலே இருக்கும் முக்கோணம் புல்லட்டின் இடத்தையும், கீழே இருக்கும் முக்கோணம் எழுத்தின் இடத்தையும் காட்டும். அலைன்மெண்ட் சரியில்லை என்று அடுத்த முறை சொல்லும்போது, எந்த முக்கோணம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.